மூணு சக்கரத்துக்கு ஒரு டூல்ஸ் பை: சைடுகார் பயண நாட்குறிப்பு

பிப்ரவரி 8, சனி

20ஆம் தேதி காலைல கிளம்பறோம்னு முடிவாயிடுச்சு. பத்து நாள், கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர், நான் ஓட்ட, தம்பி பைக்குப் பக்கவாட்டுல ஒத்தைச் சக்கரத்தோட மாட்டின பெட்டியில, அதான் சைடுகார். இன்னைக்கு தார்பாயை விரிச்சு டூல்ஸ் பையை மொத்தமா கவுத்துட்டேன். தனி பைக்குல சுத்தின காலத்துல இருந்து அதே பை தான், சைடுகார் மாட்டினதுக்கு அப்புறம் ரெண்டு பெரிய ஸ்பேனர் மட்டும் உள்ள போட்டு வச்சிருந்தேன், அது பத்தவே பத்தாதுன்னு கொட்டிப் பாத்தப்பதான் தெரியுது.

ஏன்னா சைடுகார் வண்டி சாயாது. தனி பைக் வளைவுல சாயும், பாரம் சக்கரத்தோட நேராவே இறங்கிடும். இது நிமிந்து நின்னபடியே திரும்புது, அப்ப பக்கவாட்டுல வர்ற தள்ளு எல்லாம் ஸ்போக்ஸ் கம்பி, பேரிங், பைக்கையும் பெட்டியையும் சேத்துப் பிடிச்சிருக்கிற நாலு மவுண்ட், இதுங்க மேலதான் விழுது. தனி பைக்குல வருஷக் கணக்கா தொடாத இடம்தான் இதுல முதல்ல மக்கர் பண்ணும், அதனால பையும் அந்த இடத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஒரு நோட்டு எடுத்துட்டு உக்காந்து வண்டியில இருக்கற ஒவ்வொரு போல்டுக்கும் ஸ்பேனர் போட்டுப் பாத்து சைஸ் எழுதினேன். பைக்குல பெரும்பாலும் 10, 12, 14, 17. பின் ஆக்ஸில் 24. பெட்டி மவுண்ட் எல்லாம் 19, மேல் கம்பி, அதாவது பைக்கையும் பெட்டியையும் மேல இணைக்கற கம்பி, அது திரும்பாம பிடிக்கற லாக் நட்டு 22. மவுண்ட் போல்டு ஆரம்பிச்சப்பதான் விஷயமே பிடிபட்டுச்சு, நட்டைத் திருப்பினா போல்டு தலையும் கூடவே சுத்துது, அப்ப 19 ரெண்டு வேணும், ஒண்ணு பிடிச்சுக்க ஒண்ணு திருப்ப. என் பையில ஒண்ணுதான் இருந்துச்சு. இத்தனை நாள் வீட்ல இருந்த பெரிய செட்ல இருந்து இன்னொண்ணை எடுத்து வேலையை முடிச்சிருக்கேன், பையில இல்லைங்கறது மனசுல பதியவே இல்ல.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்னைக்கு பஞ்சர் ஒத்திகை. பின் சக்கரத்துக் காத்தை நானே இறக்கிவிட்டு, பையில இருக்கறதை மட்டும் வச்சு டியூப் மாத்தணும், வீட்டுக்குள்ள போய் எதையும் எடுக்கக் கூடாதுன்னு வச்சுக்கிட்டோம். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஆச்சு.

முதல் பிரச்சினை ஜாக்கி. பெட்டி மாட்டின வண்டியை தனி பைக் மாதிரி சாய்ச்சு வச்சுக்க முடியாது, சென்டர் ஸ்டாண்டும் போட வராது, அதனால கார்ல வர்ற சின்ன சிசர் ஜாக்கி. மண்ணுல வச்சுத் தூக்கினா வண்டி மேல ஏறல, ஜாக்கிதான் கீழ இறங்குச்சு. ஒரு அடி நீளப் பலகை ஒண்ணை அடியில வச்சதும் அசையாம நின்னுச்சு, அந்தப் பலகை இனிமே வண்டியிலயேதான் இருக்கும். தூக்கறதுக்கு முன்னாடியே ஆக்ஸில் நட்டை இளக்கிடணும், முன் சக்கரத்துக்கும் பெட்டிச் சக்கரத்துக்கும் கட்டை கொடுக்கணும். தூக்கினதுக்கு அப்புறம் 24 ஸ்பேனர் மேல ஏறி மிதிச்சா வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிடும், ஜாக்கிரதை.

புது டியூப்பை உள்ள விடறப்ப லேசா காத்து வச்சு, மேல பவுடர் தடவி விட்டேன், அப்பதான் டயரை நெம்பற டயர் லிவர் டியூப்பைக் கடிக்காது. லிவர் மூணு வேணும், ரெண்டு வச்சுப் போராடினா கடைசி கையகல இடத்துல மாட்டிக்குவோம்.

என் வண்டியில முன்னாடி 19 இன்ச், பின்னாடி 18, பெட்டிக்கு 16. அப்ப மூணு சைஸ்ல மூணு டியூப் தூக்கிட்டுப் போகணும், ஒரு ஸ்டெப்னி வச்சு மூணையும் சமாளிக்க முடியாது. இந்த இடத்துல யூரால்ங்கற சைடுகார் பைக் வச்சிருக்கறவங்களை நினைச்சா பொறாமையாதான் இருக்கு, அதுல மூணு சக்கரத்தையும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கலாம், பெட்டி மேல ஒரு ஸ்டெப்னி, எது போனாலும் அதைத் தூக்கி மாட்டிட்டுக் கிளம்பிடலாம். சக்கரத்தை மாத்தறவங்களுக்கு இது பெரிய பாடம், புதுசா பெட்டி கட்டறவங்க முடிஞ்சா மூணு சக்கரமும் ஒரே சைஸ் வர்ற மாதிரி கட்டுங்க.

பின் டயர் பத்தியும் சொல்லிடறேன். சைடுகார்ல பின் டயர் நடுவுல தட்டையா தேயும், தனி பைக்குல ஓடின தூரத்துல எனக்குப் பாதி கூட வரல. பாதி தேஞ்ச டயரோட 2,400 கிலோமீட்டர் கிளம்பக் கூடாதுன்னு புதுசு போட்டாச்சு.

பிப்ரவரி 13, வியாழன்

கேபிள் நாள். கிளட்ச் லிவர் பக்கத்துல, கேபிள் நுனியில இருக்கற நிப்பிளை ஒட்டி விரலை ஓட்டிப் பாத்தேன், ஒரு இழை ஊசி மாதிரி குத்துச்சு. கேபிள் ஒரே நாள்ல அறுந்துடாது, ஒவ்வொரு இழையாதான் போகும், அந்த முதல் இழை குத்தறப்பவே மாத்திடணும். மாத்தியாச்சு. கூடவே கிளட்சுக்கு ஒண்ணு, ஆக்சிலேட்டருக்கு ஒண்ணு புது கேபிளை பழைய கேபிள் போற வழியிலயே இழுத்து டேக் போட்டுக் கட்டி, ரெண்டு முனையையும் டேப் சுத்தி வச்சுட்டேன். நடுவழியில அறுந்தா டேங்க்கைக் கழட்ட வேண்டாம், முனையை மாத்தி மாட்டினா போதும். பைக்குள்ள சுருட்டி வச்சா மடங்கிப் போகும், இதுல அந்தத் தொல்லையும் இல்ல.

பெட்டி லைட்டு மங்கலா எரிஞ்சுட்டு இருந்துச்சு, பல்பை மாத்தியும் அதே கதை. எர்த் தான், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பற வழி. மவுண்ட் வழியா எர்த் வருதுன்னு விட்டிருந்தாங்க, அங்க பெயின்டும் துருவும், கரண்ட் எப்படி ஒழுங்கா போகும்? பேட்டரி நெகட்டிவ்ல இருந்து தனியா ஒரு வயர் இழுத்ததும் பளிச்சுன்னு எரியுது. பையில ரெண்டு மீட்டர் வயர், 10, 15, 20 ஆம்ப் பியூஸ், டெஸ்ட் லாம்ப், இன்சுலேஷன் டேப். பிளக் ரெண்டு, பிளக் ஸ்பேனர், அவ்வளவுதான்.

செயினோட ரெண்டு முனையையும் சேக்கற லாக் லிங்க் ரெண்டு, செயின் கட்டர். லாக் போடும்போது அதோட மூடின பக்கம் செயின் ஓடற திசையைப் பாத்து இருக்கணும், திறந்த பக்கம் முன்னாடி இருந்தா கல்லு தட்டி கழண்டுடும்.

பிப்ரவரி 15, சனி

மனசுக்குப் பிடிச்ச வேலை இன்னைக்குதான், அலைன்மென்ட். சமதரையில வண்டியை நிறுத்தி, நேரான அலுமினியக் குழாய் ஒண்ணை பைக்கோட ரெண்டு டயரையும் ஒட்டி, இன்னொண்ணை பெட்டி டயரை ஒட்டி வச்சு, முன்னாடி எவ்வளவு இடைவெளி பின்னாடி எவ்வளவுன்னு அளந்தேன். முன்னாடி 18 மில்லிமீட்டர் கம்மி, பெட்டிச் சக்கரம் அந்த அளவு உள்பக்கம் பாக்குது, அது இருந்தாத்தான் நேர் ரோட்டுல வண்டி பெட்டி பக்கம் இழுக்காது. அப்புறம் பைக் பெட்டியை விட்டு வெளிப்பக்கம் லேசா சாஞ்சிருக்கணும். அதுக்கு ஒரு நட்டை நூல்ல கட்டி தூக்குக் குண்டு மாதிரி பின் ரிம்மோட மேல் விளிம்புல பிடிச்சேன், கீழ் விளிம்புல நூலுக்கும் ரிம்முக்கும் 11 மில்லிமீட்டர். நான் சீட்ல, தம்பி பெட்டியில, சாமான் எல்லாம் ஏத்தி வச்சு பக்கத்து வீட்டு அண்ணன் அளந்து சொன்னாரு. வெறும் வண்டியில எடுத்த அளவு பயணத்துக்கு உதவாது.

ரெண்டு நம்பரையும் பெட்டி மூடிக்கு உள்பக்கம் பெயின்ட்ல எழுதிட்டேன். நூலும் நட்டும் பைக்குள்ள போயாச்சு, எடையே இல்லாத டூல்.

மவுண்ட் போல்டு எல்லாத்துக்கும் நீல லாக்டைட், நட்டு இளகாம இருக்க மரையில தடவற பசை. சிவப்பு வேண்டாம், அதைக் கழட்ட சூடு காட்டணும், நடுரோட்டுல அது நடக்கற காரியமில்ல. இறுக்கினதும் ஒவ்வொரு நட்டுலயும் பக்கத்துப் பட்டையிலயும் சேந்த மாதிரி வெள்ளைப் பெயின்ட்ல ஒரு கோடு, நட்டு அசைஞ்சா கோடு ரெண்டா பிரியும், குனிஞ்சு பாத்தாலே போதும்.

ஜாக்கி, பெரிய ஸ்பேனர், கிளட்ச் பிளேட், டியூப் எல்லாம் பெட்டியோட தரையில, பெட்டிச் சக்கரத்து ஓரமா. பெட்டி பக்கம் வேகமா திரும்பறப்ப அந்தச் சக்கரம்தான் தூக்கும், பாரம் அங்க கீழ இருந்தா அமுக்கிப் பிடிக்கும். டயர் கேஜ், 10-12-14, கட்டிங் பிளையர், பியூஸ் மட்டும் கைக்கு எட்டற சின்னப் பையில.

பிப்ரவரி 20, வியாழன்

310 கிலோமீட்டர். 50ல ஒரு தடவை நிறுத்தி எல்லா மவுண்டையும் பாத்தோம், பாரம் ஏறினதும் எல்லாம் ஒரு தடவை உக்காரும். பின் கீழ் மவுண்ட்ல கோடு தலைமுடி அளவு நகந்திருந்துச்சு, ரெண்டு 19 போட்டு கால் சுத்து. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு.

பிப்ரவரி 22, சனி

சாயங்காலம் நிறுத்தினதும் வழக்கம்போல தம்பி 10 ஸ்பேனரால ஸ்போக்ஸ் கம்பியை ஒவ்வொண்ணா தட்டிட்டு வந்தான். இறுகின கம்பி டிங்குன்னு பாடும், இளகினது தொக்குன்னு செத்த சத்தம். பின் சக்கரத்துல செயின் பக்கம் ஒண்ணு தொக், அடுத்து ஒண்ணு சத்தமே இல்ல, கையால ஆட்டினா கழுத்துல அறுந்து தொங்குது. "அண்ணே, தொக்குக்குப் பக்கத்துலயும் ஒண்ணு போயிருக்குண்ணே"ன்னான். மொத்தம் ரெண்டு.

ஸ்பேர் கம்பி ஆறு, ஃபிரேம் குழாயோட ஒட்டி டேப் சுத்தி வச்சிருந்தேன். முன்னுக்கு ஒரு நீளம், பின்னுக்கு ஒரு நீளம், உள்வளைவு வேற வெளிவளைவு வேற, அதனால ஒவ்வொண்ணுலயும் சீட்டு ஒட்டியிருந்தேன், இல்லன்னா அந்த இருட்டுல குழம்பியிருப்போம். சக்கரத்தை இறக்கி, ஸ்ப்ராக்கெட்டைக் கழட்டினாத்தான் கம்பி ஹப் ஓட்டையில நுழையுது. டயரையும் உரிச்சேன், கம்பியை ரிம்ல பிடிச்சிருக்கற நிப்பிளைத் தாண்டி கம்பி முனை நீட்டிட்டு இருந்தா நாளைக்கு டியூப்பைக் குத்தும். முனையை அரத்தால ராவிட்டு ரிம் டேப்பை மேல இழுத்துவிட்டேன். ஒத்திகை பாத்ததால டயர் வேலை முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுது. எல்லாம் பூட்டிட்டு மறுபடி தட்டினோம், ஒரு சுத்து முழுக்க டிங் டிங்னு வந்தப்ப தம்பி முகத்தைப் பாக்கணுமே.

பிப்ரவரி 24, திங்கள்

மதியத்துக்கு மேல சரளைக்கல் இறக்கம், 40 கிலோமீட்டர் உலுக்கி எடுத்துருச்சு. தார் ரோட்டுக்கு வந்ததும் வண்டி பெட்டி பக்கமா இழுக்குது, ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் பிடிச்சுட்டே ஓட்ட வேண்டியதாச்சு. காத்து கம்மியோன்னு முதல்ல மூணு சக்கரமும் பாத்தேன், சரியா இருக்கு. குனிஞ்சு பாத்தா மேல் கம்பி லாக் நட்டுல வெள்ளைக் கோடு பிரிஞ்சு நிக்குது.

சிமென்ட் தரை போட்ட ஒரு கொட்டகை கிடைச்சுது, அங்க நூலை விட்டுப் பாத்தா 11 இருந்த இடத்துல 3. லாக் நட்டு இளகி, கம்பி அதிர்வுல தானா திரும்பி சுருங்கியிருக்கு, பைக் பெட்டி பக்கம் சாஞ்சிருச்சு. இந்தக் கம்பியில ஒரு முனை வழக்கமான வலது மரை, ஒரு முனை எதிர்ப்பக்கம் திருப்பினா இளகற இடது மரை, அதனாலதான் கழட்டாமலே நடுவுல திருப்பி நீட்டவோ குறுக்கவோ முடியுது. தம்பி இன்னொரு முனை லாக் நட்டை வழக்கமான பக்கமே திருப்பி இளக்கப் பாத்தான், மூச்சைப் பிடிச்சு ஏறி நின்னுட்டான். "டேய் விடு விடு, அது இடது மரைடா"ன்னு கத்தி நிறுத்தினேன், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மரை போயிருக்கும். கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டி, ஏறி உக்காந்து, அளந்து, மறுபடி இறங்கி, அஞ்சாவது தடவை 11 வந்துச்சு. லாக்டைட், ரெண்டு நட்டும் இறுக்கம், புதுக் கோடு. பெட்டிச் சக்கரத்தோட 18ஐயும் சரிபாத்தேன், அசையல.

திரும்ப ரோட்டுல ஏறினதும் ரெண்டு கையையும் லேசா தளர்த்திப் பாத்தேன், வண்டி நேரா போச்சு. அந்த நம்பர் மட்டும் மூடியில எழுதியில்லன்னா இருட்டுற வரைக்கும் குத்துமதிப்பா திருப்பிட்டே இருந்திருப்பேன்.

மார்ச் 1, சனி

வீடு வந்தாச்சு, 2,460 கிலோமீட்டர். கிளட்ச் பிளேட்டையும் செயின் கட்டரையும் தொடவே இல்ல, ஆனாலும் ரெண்டும் பையிலதான் இருக்கும், ஏற்றத்துல பாரத்தோட கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சா வேற வழி கிடையாது. ஸ்போக்ஸ் கம்பி செயின் பக்கத்துக்கு இன்னும் நாலு சேக்கணும்.

அந்த இடது மரை லாக் நட்டுதான் மனசுல ஓடிட்டே இருக்கு. வலது மரை நட்டு எந்த ஊர்லயும் கிடைக்கும், இது போச்சுன்னா வழியில யார்கிட்டயும் இருக்காது. லேத்துல சொல்லி ரெண்டு கடைஞ்சு வாங்கிட்டேன், மத்த நட்டோட கலந்துடாம இருக்க சிவப்புப் பெயின்ட்ல முக்கி காயவச்சிருக்கேன், கம்பியோட அந்த முனையிலயும் அதே சிவப்பு ஒரு பட்டை அடிச்சாச்சு. நாளைக்கு காஞ்சதும் சின்னப் பையில போட்டுடணும்.