கதியாலில் கண்ட காளான்கள்: இரண்டாவது மாரியின் குறிப்புகள்

போன வருடம் ஐப்பசி மழை விட்ட ஒரு காலை, வேலியோரம் பட்டுப்போன ஒரு கதியாலில் (வேலிக்காக வெட்டி நட்ட மரக்கிளை) செம்மஞ்சள் கலந்த சிவப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. தூரத்தில் பார்க்க யாரோ போத்தல் மூடியை ஆணியடித்து வைத்த மாதிரி இருந்தது. கிட்டப்போய்த் தொட்டால் தோல்போல உறுதி. அடியில் ஊசி குத்தினதுபோல நுண்ணிய துளைகள், அவையும் அதே சிவப்பு. அதன் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. பிக்னோபோரஸ் சாங்குவினியஸ். வெப்பநாடுகள் எங்கும் வெயில் படும் பட்ட மரத்தில் வளரும் தட்டுக்காளான். அன்று தொடங்கியதுதான் இந்தக் காளான் குறிப்புக் கொப்பி.

இரண்டு மாரி முடிந்துவிட்டது. கொப்பியில் 46 பதிவுகள் இருக்கின்றன. அதில் பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) வரை உறுதியாகச் சொல்லக்கூடியவை 21, இனம் வரை சொல்லக்கூடியவை 7. மிச்சம் படமும் குறிப்புமாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

காளான் பார்க்க மலைநாட்டுக்குப் போகவேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் பெரிய காடு இல்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனால் எங்களிடம் வேலி இருக்கிறது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்று நட்ட கதியால்களில் சில வேர்விட்டுத் தளிர்க்கும், சில பட்டுப்போகும். பட்டதைப் பிடுங்காமல் அப்படியே விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் அது முழுக்கக் காளானின் வீடு. கோப்பாயிலிருந்து நீர்வேலி வரை ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளில் போனால் ஒரு காலையில் ஆறேழு வகை பார்க்கலாம். ஆட்கள் குடியில்லாமல் பாழாய்க் கிடக்கும் வளவுகளில் இன்னும் கூட. ஆனால் அவற்றுக்குள் கேட்காமல் நான் இறங்குவதில்லை. பாழ்க்கிணறும் பாம்பும் இருக்கும்.

முதல் மாரியில் நான் விட்ட பெரிய பிழை, மேலே மட்டும் படம் எடுத்தது. 18 பதிவுகள் அப்படி வீணாய்ப் போயின. மேலே பார்க்க ஒரேமாதிரி இருக்கும் இரண்டு காளான்களின் அடியைப் பார்த்தால், ஒன்றில் செதில் செதிலாக மடிப்பு, மற்றதில் துளை. அது இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு குடும்பம். போனில் இருக்கும் செயலியும் மேல்படத்தை வைத்துக்கொண்டு குளிர்நாட்டுக் காளான் பெயரைத்தான் சொல்லும். இப்போது ஒவ்வொன்றுக்கும் அடி, மேல், பக்கவாட்டு, அது நிற்கும் மரம் என நாலு படம் எடுக்கிறேன். என்ன மரம் என்று தெரியாவிட்டால் பட்டையையும் ஒரு படம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும் வாங்கினேன். இந்தப் பொழுதுபோக்குக்கு நான் செலவழித்தது அவ்வளவுதான்.

அந்த லென்ஸை வைத்து முதலில் பார்த்தது ஸ்கைசோபில்லம் கம்யூன். வெள்ளைச் சாம்பல் நிறம், விசிறி வடிவம், மேலே பஞ்சுமயிர், பெருவிரல் நகமளவு. பட்ட கதியாலிலும் மாமரத்தின் காய்ந்த கொப்பிலும் அடுக்கடுக்காக நிற்கும். எங்களூரில் இதைப் பார்க்காத ஆள் இருக்கமுடியாது, ஆனால் நின்று பார்த்தவர் குறைவு. அதன் அடியில் உள்ள மடிப்பு ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயில் காய்ந்ததும் அந்தப் பிளவின் இரு ஓரமும் வெளிப்பக்கம் சுருண்டு, காளான் பரவ உதவும் வித்துத்தூள் உண்டாகும் பரப்பை மூடிக்கொள்ளும். மழை பட்டதும் திரும்ப விரியும். போன தையில் ஒன்றை நெருப்புப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். ஆவணியில் எடுத்து ஈரத்துணியில் வைத்து, லென்ஸைக் கண்ணோடு பிடித்துக்கொண்டு மேசையிலேயே இருந்தேன். ஏழு மாதம் காய்ந்து கிடந்தது கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து திறந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்திக்குள் முழுதாக விரிந்துவிட்டது. இந்தக் காளானுக்கு ஆண், பெண் என்று இரண்டு பால் இல்லை. இணைசேர்க்கை வகைகள் இருபதாயிரத்துக்கு மேல். அந்தார்ட்டிக்கா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. எங்கள் வேலியில் நிற்பதும் அதுதான் என்பதை நினைக்க எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

சிவப்புத் தட்டுக்காளானில் ஒரு பாடம் படித்தேன். மார்கழியில் அதே வேலியில் வெளிறிய, கிட்டத்தட்ட வெள்ளையான ஒரு தட்டு. புதிதாக ஏதோ என்று பதிந்து, இரண்டு நாள் தேடினேன். திருப்பிப் பார்த்தால் அடியில் அதே சிவப்புத் துளைகள். மேற்புறம் வெயிலிலும் மழையிலும் வெளிறிப்போகும், அடி நிறம் நிற்கும். அதன்பிறகு எதைப் பார்த்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பதுதான் பழக்கம். மாமரக் கொப்பில் நின்ற இன்னொரு மெல்லிய பழுப்புத் தட்டைத் திருப்பியபோது அடி அப்படியே தேனடை, ஆறுமூலைக் கண்கள். ஹெக்சகோனியா. பெயரே அந்த வடிவத்தால் வந்தது.

சந்தி தாண்டிப் பக்கத்து வளவில் ஒரு பெரிய வேம்பு. அதன் அடிவேரில் கையகலத் தட்டு ஒன்று, மேலே அரக்குப் பூசினதுபோல மினுக்கம், ஓரம் வெள்ளை. கானோடெர்மா என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் மேல் செம்மண் தூசி படிந்திருந்தது. எங்களூர் மண் அப்படித்தானே, காற்றில் வந்திருக்கும் என்று துடைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாளும் அதே தூசி. முதல்நாள் இரவு முழுக்க மழை பெய்து மண் ஊறிக் கிடந்தது, தூசி பறக்க வழியே இல்லை. விரலில் எடுத்து லென்ஸில் பார்த்தேன், மண்போல மணல் மணலாக இல்லை, மாப்போல. அது அந்தக் காளானின் சொந்த வித்துத்தூள். அடியிலிருந்து கோடிக்கணக்கில் விழுந்து, காற்று சுழற்றி மேலே கொண்டுவந்து படியவைக்கிறது. பக்கத்துச் சிலந்திவலையும் பழுப்பாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அந்த வளவு மாமாவிடம் சொன்னேன். "மாமா, உந்த வேம்பு உள்ளுக்குள்ள உக்குது. வீட்டுப் பக்கம் சாய்ஞ்சு நிக்கிற கொப்பை வெட்டிவிடுங்கோ." அவர் மேலே அண்ணாந்து பார்த்தார். இலையெல்லாம் பச்சைப்பசேல். "நல்லாத்தானே தம்பி நிக்குது?" என்றார். கானோடெர்மா மரத்தின் உறுதிக்குக் காரணமான லிக்னினைத் தின்று உள்ளே வெள்ளையாக உக்கவைக்கும். தட்டு வெளியே வரும்போது உள்ளே வேலை பலகாலம் நடந்திருக்கும். தென்னையில் வரும் தஞ்சாவூர் வாடல் நோயும் இதே பேரினத்தின் வேலைதான். 1952இல் தஞ்சாவூர்ப் பக்கம் கண்டதால் அந்தப் பெயர். அடித்தண்டில் செம்பழுப்பாகப் பசை வடிவது அதன் அடையாளம். இதைச் சொன்னபிறகு மாமா தன் தென்னைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். கொப்பையும் வெட்டிவிட்டார்.

சிறு காளான்களுக்கு வருவோம். அவைதான் உண்மையில் கடினம். வைக்கோலும் சாணமும் கலந்து குவித்த இடத்தில் விடிய ஆறு மணிக்குச் சாம்பல் நிறத்தில் குடைபிடித்து நிற்கும் மைக்காளான், பத்து மணிக்குப் போனால் கறுப்புத் தண்ணியாகக் கரைந்து வழியும். அதைப் பார்க்க விடியவே போகவேண்டும். பழைய அடிக்கட்டை ஒன்றில் நூற்றுக்கணக்கில் மணிமணியாய் முளைத்த கோப்ரினெல்லஸ் டிசெமினேட்டஸ் இரண்டே நாளில் இல்லாமல் போனது. பூச்சாடியில் எலுமிச்சை மஞ்சளில் வரும் லூக்கோகோப்ரினஸ் மட்டும் நிறத்தாலேயே தெரிந்துவிடும். அதைச் சாப்பிடக்கூடாது.

உக்கின தேங்காய்ப் பொச்சில் வளர்ந்த சையாதஸ் எனக்குப் பிடித்தது. குருவிக்கூடு மாதிரிச் சின்னக் கிண்ணம், உள்ளே சாம்பல் முட்டைகள். மழைத்துளி கிண்ணத்துக்குள் விழும் வேகத்தில் அந்த முட்டை தெறித்து வெளியே பாயும். அக்காவின் மகளுக்குப் போத்தல் மூடியால் ஒவ்வொரு துளியாக விட்டுக் காட்டினேன். மூன்றாம் துளியில் ஒன்று தெறித்தது. அன்று முழுக்க அவள் பொச்சுக் குவியலை விட்டு வரவில்லை.

இனி, எல்லாரும் கவனிக்கவேண்டிய விஷயம். கார்த்திகையில் எங்கள் புல்வெளியில் கோப்பையளவு வெள்ளைக் காளான்கள் வட்டமாக முளைத்தன. மேலே பழுப்புச் செதில், தண்டில் மேலும் கீழும் அசையும் வளையம். பார்க்க வடிவு. ஒருவர் சமைக்கலாமே என்று பைகொண்டு வந்தார். நான் ஒரு இரவு பொறுக்கச் சொன்னேன். தண்டை அறுத்து, குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி வைத்தேன். காலையில் தாளில் பச்சைச் சாம்பல் நிறத்தில் வித்துத்தூள் கதிர்கதிராக விழுந்திருந்தது. குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ். சாப்பிட்டால் சில மணிநேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும். இளசாக இருக்கும்போது அதன் மடிப்பு வெள்ளைதான், அதுதான் ஆளை ஏமாற்றும். ஒரு தாளும் ஒரு இரவும் ஒரு குடும்பத்தை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காத்தது. எந்தக் காளானையும் சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். பெயர் கண்டுபிடிப்பதற்கும் சட்டியில் போடுவதற்கும் நடுவில் நான் வரமாட்டேன்.

புற்றுக்காளான் மட்டும் அம்மம்மாவின் துறை. இடி இடித்த மறுநாள் எந்த இடத்தில் வரும் என்று அவருக்குத் தெரியும். நான் குடையைப் பிடித்து இழுக்கப் போக, "இழுக்காத பிள்ளை, வேர் அறுந்திடும். வடிவாத் தோண்டிப் பார்" என்றார். தோண்டினேன். தண்டு வேர்போல ஒடுங்கி முழங்கையளவு ஆழம் இறங்கிக் கறையான் வளர்க்கும் காளான் தோட்டத்தில் போய் முடிந்தது. டெர்மிட்டோமைசெஸ். கறையான் இலைதழையை மென்று அடுக்கி இதைப் பயிராக்கி உண்கிறது. பேராதனையில் இருந்த காளான் ஆய்வாளர் டொம் பெட்ச் இந்தப் புற்றுக்காளான்களைப் பற்றி 1906இலேயே எழுதியிருக்கிறார். அம்மம்மா அறிந்த அந்த ஆழமான வேர்தான் நூல்களிலும் முதல் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. அன்றிலிருந்து நான் எதையும் பிடுங்குவதில்லை, அடிவரை தோண்டித்தான் பார்க்கிறேன். தோண்டின மண்ணைத் திரும்ப மூடியும் விடுகிறேன்.

சேர்த்து வைத்த மாதிரிகளில் பாதி போய்விட்டது. பிளாஸ்ரிக் பையில் போட்டவை ஒரே இரவில் நாறிப்போயின. நன்றாகக் காய்ந்த கானோடெர்மாவைச் சின்ன வண்டு துளைத்து மாவாக்கியது. இப்போது பேப்பர் பையில் கொண்டுவந்து, வெயிலில் காயவைத்து, பிறகு மூன்று நாள் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துத்தான் டின்னில் அடைக்கிறேன். இதுவரை வண்டு வரவில்லை.

தை பிறந்து மழை ஓய்ந்துவிட்டது. வேம்படித் தட்டின் ஓரத்தில் ஊசி குத்தி வைத்திருந்தேன். கார்த்திகை முதலாம் வாரத்தில் அகலம் 11 சென்டிமீட்டர், இன்று காலை 14. வெள்ளை ஓரம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. சித்திரை வெயிலிலும் மாதம் ஒருமுறை அளப்பதாக இருக்கிறேன். மாமா ஊசியைப் பிடுங்கவேண்டாம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.