பரியை நரியாக்கினேனா?

"உனக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை, இல்லையா?"

அவர் கேட்டது இவ்வளவுதான். நீ, நீங்கள் என்ற பேதம் ஆங்கிலத்தில் கிடையாது. ஆனாலும் என் காதில் 'நீ' என்றுதான் விழுந்தது. கோபமில்லை, வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்பதுபோல இருந்தது. கடைசியில் ஒரு 'மீ டக்' வேறு. லெஸ்டர்ஷயர் பக்கத்து வயதானவர்கள் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கோவைக்காரர்கள் 'கண்ணு' என்பதைப்போல. வந்த புதிதில், என்னை எதற்கு வாத்து என்கிறார்கள் என்று குழம்பியிருக்கிறேன்.

நான் சொன்ன பதில்: "எனக்குப் பிடிக்கிறதா என்பது இதில் வராது. தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுதுகிறேன்."

தப்பில்லாத பதில். என்னைப்போல ஏல நிறுவனத்தில் கேட்லாக் குறிப்பு எழுதும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மூன்று வருடமாகிறது. இன்னமும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, அந்தப் பதிலை வேறு மாதிரிச் சொல்லிப் பார்க்கிறேன். எப்படிச் சொன்னாலும் ஒட்டவில்லை.

நான்கு படங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வேட்டை ஓவியர் ஹென்றி ஆல்கென் வரைந்ததைப் பார்த்துச் செப்புத் தகட்டில் எடுத்து, அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டிய அக்வாடின்ட் அச்சுகள். நரிவேட்டையின் வழக்கமான வரிசை: எல்லாரும் கூடுவது, புதரிலிருந்து நரி கிளம்புவது, முழு ஓட்டம், கடைசியில் சாவு. சிவப்புக் கோட்டு, பச்சை மேடு, வேலி, ஓடைத் தண்ணீரில் தொப்பி மிதக்க ஒருவன். ஆல்கெனின் படம் என்றால் யாராவது ஒருவர் குதிரையிலிருந்து விழுந்தே ஆகவேண்டும். இந்த நாட்டில் மதுக்கடைச் சுவரில், பழைய ஓட்டல் மாடிப்படியில், சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் போடும் அட்டையில்கூட இந்த வேட்டைக்காரர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எங்களிடம் மாதத்துக்கு ஒரு செட்டாவது வரும். வந்தால் "மறுபடியும் நரியா" என்பார் எங்கள் துறைத் தலைவர்.

கொண்டுவந்தவர் வேட்டைநாய்க் கொட்டடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று வேட்டைக் குழுவின் தலைவர் இந்த நான்கையும் கொடுத்தாராம். இப்போது மகள் வீட்டோடு போகிறார், அங்கே மாட்ட இடமில்லை. என் குறிப்பில் 'நாய்கள்' என்று எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தவர், "ஹவுண்ட்" என்று திருத்தினார். அவற்றை ஒன்று இரண்டு என்று எண்ணுவதில்லை, ஜோடியாகத்தான் எண்ணவேண்டும் என்றார். பதினைந்து இருந்தால் ஏழரை ஜோடி. சரி, ஏழரை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு மூன்றாவது படத்தில் கூட்டத்தை விட்டு விலகி ஓடும் ஒரு ஹவுண்டின் மேல் விரலை வைத்து, "இவன் வாயைத் திறக்காமல் ஓடுகிறான். இப்படிப்பட்டவனை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்" என்றார். மோப்பம் பிடித்தால் குரல் கொடுக்கவேண்டுமாம். கொடுக்காதவன் மற்றவர்களை ஏமாற்றுகிறான்.

எந்த ஊர் என்று கேட்டார். ஊட்டிக்குப் பக்கம் என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஊட்டி ஹவுண்ட்ஸ்! அங்கே குள்ளநரியைத் துரத்துவார்கள்!" ஊட்டியை ஒட்டிய வென்லாக் டவுன்ஸ் புல்வெளி பற்றிக்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கிலாந்தில் கொட்டடி வேலை செய்தவருக்கு என் மலை ஒரு வேட்டைக்களமாக மட்டும் தெரிந்திருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே ஏதோ சுருங்கியது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது கவனித்ததாகக்கூட நினைவில்லை.

அதனால்தானோ என்னவோ, கொஞ்சம் மேதாவித்தனம் காட்டினேன். முன்கால்கள் முன்னேயும் பின்கால்கள் பின்னேயும் நீண்டு, ஆட்டக்குதிரை பொம்மை மாதிரி ஒரே நேரத்தில் நான்கும் அந்தரத்தில் நிற்கின்றன பாருங்கள், எந்தக் குதிரையும் இப்படி ஓடாது என்றேன். 1878இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் கலிஃபோர்னியாவில் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்களில் அது தெளிவாகிவிட்டது: பாய்ச்சலில் நான்கு குளம்பும் தரையை விடுவது உண்மை, ஆனால் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போது. லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்தில் ஒன்றரை வருடம் செத்த குதிரைகளைக் கட்டித் தொங்கவிட்டு, அடுக்கடுக்காக உரித்து வரைந்து, 1766இல் குதிரையின் உடற்கூறு பற்றி நூலே வெளியிட்ட ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ்கூட, ஓடும் பந்தயக் குதிரையை வரையும்போது காலை இப்படித்தான் நீட்டினார். எலும்பெல்லாம் தெரியும், ஓட்டம் தெரியாது. இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "கால் தப்புதான். ஆனால் உட்கார்ந்திருப்பதைப் பார்" என்றார். வேலியைத் தாண்டி இறங்குகிறவன் முதுகைப் பின்னால் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்திருந்தான். இப்போது எல்லாரும் முன்னால் குனிந்து தாண்டுவது இத்தாலிக்காரர் காப்ரில்லி சொல்லிக்கொடுத்த பிறகு வந்த பழக்கம். ஆல்கென் காலத்தில் இப்படித்தான் சாய்ந்தார்கள். "என் அப்பாவும் இப்படித்தான் உட்காருவார். இதை வரைந்தவன் குதிரைமேல் ஏறியவன்."

இதை நான் குறிப்பில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வேலை முழுக்க ஒரு சொல்லில் நிற்கிறது. ஓவியம் என்றால் ஏணியே இருக்கிறது: இன்னார் வரைந்தது, இன்னார் வரைந்ததாகக் கருதப்படுவது, அவர் வட்டத்தைச் சேர்ந்தது, அவரைப் பின்பற்றியவருடையது, அவர் பாணியிலானது. ஒரு படி இறங்கினால் விலையில் பாதி போகும். ஆல்கென் குடும்பத்தில் இது இன்னும் சிக்கல். அப்பா ஹென்றி 1851இல் இறந்தார். மகன் சாமுவேல் ஹென்றியும் வேட்டைப் படக்காரர், அவரும் அப்பாவைப் போலவே 'எச். ஆல்கென்' என்று கையெழுத்துப் போட்டார். அச்சுப் படம் என்றால் ஏணி சின்னது: முதல் காலத்து அச்சா, பிற்கால அச்சா. தகடு அதேதான், கீழே பொறித்த வெளியீட்டு வருடமும் அதேதான். தகடு கைமாறி, பல வருடம் கழித்துப் புதுத் தாளில் அடித்தாலும் பழைய வருடமே விழும். அக்வாடின்டில் வானத்தின் சாம்பல் நிறம் தகட்டில் பொடிப்பொடியாகப் பதிந்த பிசின் புள்ளிகளுக்கு இடையே அமிலம் அரித்ததால் வருவது. அந்த அரிப்பு ஆழமில்லாதது. நிறைய அடித்தால் தேய்ந்து, வானம் வெளிறிவிடும். உறுதியாகத் தெரியவேண்டுமானால் பிரேமைப் பிரித்து, தாளை வெளிச்சத்தில் பிடித்து, தாள் செய்தவர் அதற்குள்ளேயே பதித்த நீர்க்குறியைப் பார்க்கவேண்டும். வாட்மேன் என்ற ஆங்கிலத் தயாரிப்பாளரின் தாளாக இருந்தால் பல சமயம் வருடமே இருக்கும்.

நான்காவது படத்தின் பிரேம் ஏற்கெனவே உடைந்திருந்தது. அதைப் பிரித்தேன். படத்தின் அடியில் இருந்த வருடத்துக்கும் தாளில் இருந்த வருடத்துக்கும் 15 வருட வித்தியாசம். பிற்கால அச்சு, சந்தேகமே இல்லை. மற்ற மூன்றையும் கண்ணாடி வழியே லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வானம் வெளிறித்தான் இருந்தது. கண்ணாடியும் அழுக்காக இருந்தது.

"நான்கு படங்கள், ஆல்கென் வரைந்தவற்றைத் தழுவியவை, பிற்கால அச்சு. 80 முதல் 120 பவுண்டு."

ஒரு தாளைப் பார்த்துவிட்டு நான்குக்கும் எழுதினேன்.

நியாயம் இல்லாமல் இல்லை. செட்டாக விற்கும் படங்கள் ஒன்றாக அச்சானவையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அன்று நாற்பது லாட்டுக்கு, அதாவது ஏலத்தில் ஒரே எண்ணில் விற்கும் நாற்பது உருப்படிக்கு, எழுதவேண்டியிருந்தது. பழைய பிரேமைப் பிரித்தால் முதுகுத் தாள் கிழியும், சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கவேண்டும். தவிர, வேட்டைப் படங்களை இப்போது வாங்குவார் குறைவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரியிலிருந்து வேட்டைநாய்களைக் கொண்டு நரியைக் கொல்வதைச் சட்டம் தடுக்கிறது. அதற்கு முன்பே இளைய தலைமுறை பாட்டி வீட்டுச் சுவரிலிருந்து இவற்றை இறக்க ஆரம்பித்துவிட்டது. துறைத் தலைவரும் என் குறிப்பைப் பார்த்துத் தலையாட்டினார். விலையைக் குறைத்துப் போட்டால்தான் நாலு பேர் கை தூக்குவார்கள் என்பதும் எங்கள் தொழிலின் பாலபாடம்.

இவ்வளவையும் வரிசையாகச் சொல்ல முடிகிறதே, அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஏனென்றால் அதே ஏலத்தில் இன்னொரு லாட்டும் நான்தான் எழுதினேன். 1807இல் எட்வர்ட் ஓர்ம் வெளியிட்ட இந்திய வேட்டைப் படத்தொகுதி, கேப்டன் வில்லியம்சனின் குறிப்புகளோடு சாமுவேல் ஹோவிட் வரைந்தது. நாற்பது படங்கள் கொண்ட தொகுதியிலிருந்து பிரிந்த ஆறு தாள்கள் வந்திருந்தன. யானைமேல் உட்கார்ந்து புலியைச் சுடுவது, குதிரையில் போய்ப் பன்றியைக் குத்துவது. வங்காளத்துக் காடு, தலைப்பாகை, யானைப்பாகன். அந்த ஆறையும் பிரித்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வரி எழுதினேன். ஒரு மாலை முழுக்க வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு எழுதினேன். அதிலும் செத்துக்கொண்டிருப்பது மிருகம்தான். துரத்துகிறவர்களும் அதே துரைமார்கள்தான். ஆனால் அந்தப் புல்லும் வெயிலும் என் ஊர்ப்பக்கம் போல இருந்தன, அதற்காக மன்னித்துவிட்டேன் போலிருக்கிறது. வங்காளம் எந்த வகையில் என் ஊர்ப்பக்கம் என்று கேட்காதீர்கள்.

அவரிடம் மதிப்பீட்டைச் சொன்னபோது இரண்டு லாட்டும் ஒரே மேசையில் இருந்தன. என் பன்னிரண்டு வரியும் ஒன்றரை வரியும் அச்சுத் தாளில் அருகருகே. அவர் இரண்டையும் படித்திருக்கவேண்டும். விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. புலிப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

மாணிக்கவாசகருக்காகச் சிவன் நரியைப் பரியாக்கினார், இரவில் அவை திரும்ப நரியாகி ஊளையிட்டன என்று சின்ன வயதில் கேட்ட கதை. ஏலக் கேட்லாக் எழுதுகிறவர்களின் குலதெய்வக் கதையாக அதை வைத்துக்கொள்ளலாம் என்று சக ஊழியர்களிடம் ஒருமுறை விளக்கியிருக்கிறேன், அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நரியைப் பரியென்று விற்கக்கூடாது என்பதற்கு எங்களுக்கு ஆயிரம் விதி இருக்கிறது. பரியை நரியென்று எழுதினால் கேட்பதற்கு ஆளில்லை. வாங்குகிறவன் சந்தோஷமாக எடுத்துப்போவான். விற்றவருக்குத் தெரியவே தெரியாது.

அன்று நான் நேர்மையாகச் சொல்லியிருக்கக்கூடிய பதில், "ஆமாம், பிடிக்கவில்லை" என்பது. சொல்லியிருந்தால் அவர் வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அல்லது சிரித்துவிட்டு விட்டிருப்பார். ஆனால் எனக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லையா? அந்தச் சாய்ந்து உட்கார்ந்தவனின் முதுகு இன்னும் கண்ணில் நிற்கிறது. நரிக்காக இரக்கப்பட்டேன் என்றும் சொல்லமுடியாது, நான்காவது படத்தை முதலில் பிரித்தபோது நீர்க்குறியைத்தான் தேடினேன், நரியைப் பார்க்கவேயில்லை.

ஏலத்தன்று 340 பவுண்டுக்குப் போனது. தொலைபேசியில் இருவர் போட்டி போட்டார்கள். இரண்டு பேர் அடம்பிடித்தால் எதுவும் அந்த விலைக்குப் போகும், அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை என்றார் துறைத் தலைவர். ஏலத்துக்கு முந்தைய நாள் பார்வையிட வந்த ஒருவர் முதல் மூன்று படங்களின் முன் வெகுநேரம் நின்றதாக வாசலில் இருந்த பையன் சொன்னான். நான்காவதின் முன் நிற்கவில்லையா என்று நான் அவனிடம் கேட்கவில்லை.

அவருக்குக் காசோலை போனது. நன்றி என்று ஒரு வரியில் அட்டை வந்தது. அதில் ஹவுண்ட் படம்.

போன மாதம் இன்னொரு நரிவேட்டை செட் வந்தது, ஆல்கென்தான். மறுபடியும் நரியா என்றார் துறைத் தலைவர். அனுமதி வாங்கி நான்கு பிரேமையும் பிரித்தேன், அரை நாள் போனது. மூன்று தாளில் நீர்க்குறியே இல்லை. நான்காவதில் பாதி எழுத்து இருந்தது. வருடம் இருந்திருக்கவேண்டிய ஓரத்தை, எந்தக் காலத்திலோ யாரோ பிரேமுக்குள் அடங்குவதற்காக வெட்டியிருந்தார்கள்.