நிக்கும் சார்

"இந்த வரி இல்லன்னா செய்தி நிக்குமா, நிக்காதா?" என்று கேட்டார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். "நிக்கும் சார்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். பக்கம் அனுப்ப வேண்டிய நேரம், யார் உட்கார்ந்து யோசிப்பது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்த சமயம். நான் வேலைக்குப் புதிது. பார்த்த அத்தனையையும் எழுதி நீட்டியிருந்தேன். அதில் 'எண்ணெய் அகற்றும் பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன' என்று ஒரு வரி. "யார் அகற்றுறாங்க? எதை வச்சு?" என்றார் சார். "மீனவங்கதான் சார், வாளியால அள்ளுறாங்க." "அப்போ அதை எழுது." எழுதினேன். வரியும் குறைந்தது, விஷயமும் வெளியே வந்தது. சுருக்கி எழுதுவது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. அந்த நன்றி இன்றும் உண்டு.

அப்புறம்தான் காட்டுக்குப்பத்து அக்கா சொன்னது வந்தது. கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர். "வலையில ஒட்டினா வலையை மாத்தலாம். எனக்குக் கைதானே வலை, எதை மாத்துறது?" சார் இந்த வரிமேல் பேனாவை வைத்துக்கொண்டுதான் என்னைக் கேட்டார். மேலே ஏற்கெனவே இரண்டு மீனவர்கள் பேசியிருந்தார்கள். ஒரே விஷயத்தை மூன்று பேர் சொல்ல வேண்டாம் என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கு இல்லை.

ஆனால் ஒரே விஷயமா அது? மற்ற இருவரும் படகும் வலையும் உள்ளவர்கள். பிறகு அரசு நிவாரணம் அறிவித்தபோது மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்றார்கள். அக்காவிடம் படகு இல்லை. என் ஒரு வரியால் அரசாணை மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை, அவ்வளவு பைத்தியம் இல்லை.

உறுத்துவது வேறு. அதே செய்தியில் ஓர் அதிகாரியின் விளக்கமும் இருந்தது. 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்பதே அதில் இரண்டு இடத்தில். அதை அவரும் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் கை வைத்தால் மறுநாள் மறுப்பு வரும். காட்டுக்குப்பத்திலிருந்து யாரும் போன் செய்யப் போவதில்லை.

வெகுநாள் கழித்து ஒரு டீ நேரத்தில் சாரிடம் அந்த வரியைச் சொன்னேன். அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. "நல்லா இருக்கே, ஏன் எடுத்தோம்?" என்றார்.

"இடமில்ல சார்" என்றேன்.