150 கோடி டாங் முதலாளி

எங்களுக்கு விருதுநகரில் மசாலா வியாபாரம். பட்டையும் அன்னாசிப்பூவும் பல வருடங்களாக வியட்நாம் சரக்குதான். பட்டை யென் பாய் மலைப் பக்கம், அன்னாசிப்பூ லாங் சோன். இரண்டுமே ஹனோயில் இருக்கும் ஒரு ஏஜென்ட் கைக்கு வந்துதான் எங்களுக்கு வரும். அவரை விட்டுவிட்டு விவசாயியிடமே வாங்கினால் என்ன என்று 2024-ல் அங்கே சொந்தக் கம்பெனி தொடங்கக் கிளம்பினேன்.

பாஸ்போர்ட் நகல், வங்கி இருப்புச் சான்று எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் அப்படியே ஏற்கும் சான்று) வாங்கிக்கொண்டு பெருமையாகப் போய் இறங்கினேன். வக்கீல் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தந்தார். வியட்நாம் அப்போது அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லை. நம் வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரணச் சான்றொப்பம், அதன்மேல் டெல்லி வியட்நாம் தூதரகத்தின் முத்திரை, அப்புறம் அங்கே மொழிபெயர்ப்பு. ஒரு மாதம் போனது.

இரண்டாவது முறை போனபோது எந்தச் சரக்கு என்று சுங்க எண்ணோடு எழுதச் சொன்னார். பட்டைக்கு 0906, அன்னாசிப்பூவுக்கு 0909. எழுதும்போதே என் திட்டத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனிக்கு ஏற்றுமதி உரிமை உண்டு. ஆனால் வியாபாரியாகப் பதிவு செய்யாதவரிடம் வாங்கி ஏற்றுமதி செய்யும் உரிமை அதில் சேராது. 2018-ல் வந்த 09-ஆம் எண் ஆணையில் இருக்கிறதாம். தோட்டத்துக்காரர் பதிவு பெற்ற வியாபாரி இல்லையே! எதற்காகக் கம்பெனி தொடங்க வந்தேனோ அதுவே அடிபட்டுப்போனது.

அன்றிரவு அப்பாவிடம் பேசினேன். "சரக்கை நம்ம ஆளு கண்ணால பார்த்து ஏத்தலாம்ல? அது போதும், போடு" என்றார். சரி என்று தொடர்ந்தேன்.

அலுவலக முகவரிக்கு அடுக்குமாடி வீடு செல்லாது. வணிகக் கட்டடத்தில் சின்ன அறை ஒன்று பிடித்தேன். முதலில் முதலீட்டுப் பதிவுச் சான்றிதழ், அதற்குப் பிறகு கம்பெனிப் பதிவுச் சான்றிதழ். சட்டப்படி முதலாவதற்கு 15 நாள். எனக்கு ஐந்து வாரம் ஆனது. இரண்டாவது ஒரே வாரத்தில் கையில் கிடைத்தது.

மூலதனம் 60,000 டாலர் என்று காட்டினேன். வியட்நாம் பணமான டாங்கில் 150 கோடி! அந்தத் தாளைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அதை 300 கோடியாகக் காட்டிப் போட்டிருந்தால் எனக்கு வேலை அனுமதியே தேவைப்பட்டிருக்காது என்று பிறகுதான் தெரிந்தது. கையில் பணம் இருப்பவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிச் சான்றிதழ் தேதியிலிருந்து 90 நாளுக்குள் மூலதனம் போய்ச் சேர வேண்டும். இங்கே வங்கியில் வெளிநாட்டு முதலீட்டுக்கான படிவம் கொடுத்தேன். சுமார் 50 லட்சம் அனுப்ப, அப்போதைய விதிப்படி 7 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 20 சதவீதம் டிசிஎஸ் (வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடித்தார்கள். கிட்டத்தட்ட 8.6 லட்சம். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனாலும் அதுவரை முடங்கிக் கிடக்கும் பணம். அதை முன்கூட்டி எடுத்து வைக்காமல் மைத்துனரிடம் கை நீட்டினேன்.

அத்தோடு முடியவில்லை. அங்கே கம்பெனிக்கு இரண்டு கணக்கு. மூலதனத்துக்கென்றே தனிக் கணக்கு, அன்றாடச் செலவுக்கு இன்னொன்று. நான் அனுப்பும் படிவத்தில் செலவுக் கணக்கின் எண்ணை எழுதிவிட்டேன். அதில் விழுந்தால் மூலதனமாக எண்ண மாட்டார்கள். பணம் திரும்பி வந்து மறுபடி போய்ச் சேர மூன்று வாரம், இரண்டு முறை கட்டணம். 83-ஆவது நாள் மூலதனக் கணக்கில் வரவு ஆனது.

முதல் கொள்முதலுக்குப் பதிவு பெற்ற வியாபாரிகளை வக்கீல் தேடித் தந்தார். பட்டியலில் இரண்டாவது பெயர் எங்கள் பழைய ஏஜென்ட். அவரிடமேதான் வாங்கினோம். ஒரே வித்தியாசம், இந்த முறை ஹைபோங் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் கிளம்பும் முன்னால் ஈரப்பதம் பார்த்தது எங்கள் பையன். நாற்பது மூட்டையைத் திருப்பி அனுப்பினான்.