பள்ளி வளாகங்களில் வெல்டிங் பராமரிப்பு: கேட், கைப்பிடி, பெஞ்சு, கூடைப்பந்துக் கம்பம்

ஒரே நிர்வாகத்தின் கீழ் பல பள்ளிகள் இருந்தால், வெல்டிங் பிரிவுக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை சில வகைகளுக்குள் அடங்கிவிடும். தொங்கிய கேட், அடியில் துருப்பிடித்த கைப்பிடிக் கம்பம், கால் விட்டுப்போன பெஞ்சு, ஆடும் கூடைப்பந்துக் கம்பம். இவற்றில் மறுபடி மறுபடி ஒரே இடத்தில் உடைவதுதான் அதிகம். உடைந்ததை ஒட்டிவிட்டு, உடைத்த காரணத்தை அப்படியே விட்டுவிடுவதால் வரும் வினை அது.

ஆகவே ராடை (உருகி வெல்டாகும் கம்பியை) எடுப்பதற்கு முன்னால் உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் முழுக்கத் துரு ஏறியிருந்தால் விரிசல் பழையது. ஒரு ஓரம் மட்டும் பளபளப்பாக இருந்தால் அதுதான் கடைசியாக முறிந்த பகுதி. பழைய வெல்டு பட்டையாக உரிந்து வந்திருந்தால் அது இரும்புக்குள் ஊடுருவவே இல்லை. ஆம்பியர் குறைவு அல்லது பெயிண்டின் மேலேயே ஓட்டியிருக்கிறார்கள். வெல்டு உறுதியாக நிற்க, அதை ஒட்டிய குழாய் கிழிந்திருந்தால் அசைவினால் உலோகம் சோர்ந்திருக்கிறது. அங்கே மேலும் தடிமனாக வெல்டு ஏற்றினால் விரிசல் கொஞ்சம் தள்ளி வரும், அவ்வளவுதான்.

மாணவர்கள் போன பிறகே ஆர்க் (ராடு முனையில் எழும் மின்பொறி) அடிக்க வேண்டும். முடியாத அவசரத்தில், நாலு பக்கமும் வெல்டிங் திரை. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே கண்ணைப் பதம் பார்க்கும். எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்பதால் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்துவிடுவார்கள். எரியக்கூடிய பொருட்களைச் சுற்றிலும் 11 மீட்டருக்கு அப்பால் நகர்த்த வேண்டும், நகர்த்த முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூட வேண்டும். வேலை முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் ஒருவர் தீக்காவல் இருக்க வேண்டும். அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பான என்.எஃப்.பி.ஏ.வின் 51பி விதியில் முன்பு அரை மணி நேரமாக இருந்ததை 2019 பதிப்பில் ஒரு மணி நேரமாக்கினார்கள். வகுப்பறைக்குள் வேலை என்றால் புகை உணரியை அலுவலகத்தில் சொல்லி முடக்க வேண்டும். திரும்ப இயக்கியதையும் எழுதி வைக்க வேண்டும்.

கேட் விஷயத்துக்கு வருவோம். முதலில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் சட்டத்தில் குறையில்லை; தூண் சாய்ந்திருக்கும் அல்லது கீல் தேய்ந்திருக்கும். சமமில்லை என்றால் சட்டம் சரிந்திருக்கிறது. ஜாக்கி வைத்து மூலைவிட்டங்கள் சமமாகும்வரை தூக்கி, அதற்கு மேல் 2, 3 மி.மீ. கூட்டி, குறுக்குத் தாங்கி வைக்க வேண்டும். இங்கே திசைதான் முக்கியம். சதுரக் குழாய் என்றால் கீழ்க் கீல் மூலையிலிருந்து மேல் தாழ்ப்பாள் மூலைக்குப் போக வேண்டும். அது அழுத்தத்தைத் தாங்கும். வெறும் ஃபிளாட் பட்டை இழுவையை மட்டுமே தாங்கும் என்பதால் மேல் கீல் மூலையிலிருந்து கீழ்த் தாழ்ப்பாள் மூலைக்குப் போக வேண்டும். ஃபிளாட்டைத் திசை மாற்றிப் போட்ட கேட்டுகளில் பட்டை வில்லாக வளைந்து நிற்பதைப் பார்க்கலாம். எர்த் கிளாம்பை (மின்சாரம் மிஷினுக்குத் திரும்பும் கவ்வியை) தூணில் மாட்டாதீர்கள். மின்சாரம் கீல் ஊசி வழியாகப் பாய்ந்து அதைப் பொத்தல் பொத்தலாக அரிக்கும். வெல்டு போடும் துண்டிலேயே, பக்கத்திலேயே மாட்டுங்கள்.

நகரும் கேட்டில் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இரண்டு முனைகளிலும் உள்ள தடுப்பைப் பாருங்கள். தடுப்பு இல்லாத கேட் தண்டவாளத்தை விட்டு வெளியே வந்து பிள்ளைகள் மேல் சாய்ந்துவிடும். தடுப்பு உடைந்திருந்தால் அன்றைக்கே கேட்டைச் சங்கிலியால் கட்டிப் பூட்டிவிட வேண்டும்.

படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பம் எப்போதும் சிமென்ட் தரையைத் தொடும் இடத்தில்தான் அரிக்கும். அங்கே குழிவாக விட்டிருப்பதால் தண்ணீர் தேங்குகிறது. அரித்த பகுதியைச் சுத்தியலால் தட்டினால் மந்தமான சத்தம் வரும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் துண்டை உள்குழாய் வைத்து இணைக்கிறோம். 40 என்.பி. (கடையில் சொல்லும் பெயரளவு விட்டம்) குழாயின் வெளிவிட்டம் 48.3 மி.மீ.; 3.2 மி.மீ. தடிமன் என்றால் உள்விட்டம் 41.9. அதற்குள் 32 என்.பி. குழாய் நுழையும் என்று நினைத்து வாங்கி வருவார்கள். அதன் வெளிவிட்டம் 42.4, நுழையாது. நீளவாக்கில் 5 மி.மீ. அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டியெடுத்து அமுக்கினால் இறுக்கமாக உள்ளே போகும். மொத்தம் 150 மி.மீ. நீளம், இணைப்பின் இருபுறமும் 75. வெளிக்குழாயில் பக்கத்துக்கு இரண்டு 10 மி.மீ. துளை போட்டு அவற்றையும் வெல்டால் நிரப்பினால் உள்குழாய் அசையாது. இரு குழாய் முனைகளுக்கும் நடுவே 2, 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஒட்டி வைத்தால் வெல்டு மேலோடு நின்றுவிடும்.

இந்தக் கம்பங்கள் பெரும்பாலும் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகும். இரும்பு உருகுவதற்கு 1500 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் வெண்புகை எழும்பும், வெல்டில் துளைகள் விழும், மூச்சில் போனால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டு வரும் இடத்திலிருந்து இருபுறமும் குறைந்தது 25 மி.மீ., முடிந்தால் 50 மி.மீ. வரை, பூச்சை அரைத்து எடுத்துவிட வேண்டும். குழாயின் உட்புறத்தையும் மறக்கக் கூடாது. பலர் விடுவது அதைத்தான். கடைசியில் கம்பத்தைச் சுற்றி கிரவுட்டை (சிமென்ட் நிரப்பை) தரையைவிட உயர்த்தி வெளிப்பக்கம் சரிவாக முடிக்க வேண்டும். கம்பத்தில் தரைக்குச் சற்று மேலே 6 மி.மீ. வடிகால் துளை. இந்த இரண்டும் இல்லாவிட்டால் புதுக் கம்பமும் அதே இடத்தில் அரிக்கும்.

இருபுறமும் அடைபட்ட குழாயில் வெல்டு போடுவது பற்றி ஒரு வார்த்தை. உள்ளே ஈரம் இருந்தால் நீராவியின் அழுத்தம் வெல்டைப் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். 3 மி.மீ. துளை ஒன்று போட்ட பிறகே ஆர்க்.

பெஞ்சு, நாற்காலிக் கால்கள் 1.2 மி.மீ. அல்லது 1.6 மி.மீ. குழாய். 2.5 மி.மீ. 6013 வகை ராடு, 55 முதல் 70 ஆம்பியர். மிக் மிஷின் (கம்பியைத் தானே ஊட்டும் வெல்டிங் மிஷின்) இருந்தால் 0.8 மி.மீ. கம்பி இன்னும் நல்லது. ஒரே மூச்சில் ஓட்டினால் ஓட்டை விழும். 10, 15 மி.மீ. போட்டு நிறுத்தி, எதிர்ப்பக்கம் போய் அதே அளவு போட்டு, சூடு ஆறவிட்டு வர வேண்டும். பலகையையும் பிளாஸ்டிக் இருக்கையையும் கழற்றியாக வேண்டும், ஈரத்துணி போட்டுச் சமாளிக்கும் வேலை வேண்டாம். பிசுக்கைத் துடைக்க குளோரின் கலந்த கரைப்பான் கூடவே கூடாது. அதன் ஆவி ஆர்க் வெளிச்சத்தில் போஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். முடித்ததும் வெல்டைப் பஞ்சால் தடவிப் பார்க்கிறோம். பஞ்சு சிக்கும் இடம் தோலையும் கிழிக்கும். இரண்டு கால்கள் உள்ளே அரித்துப்போன பெஞ்சை ஒட்டி ஒட்டிக் காப்பாற்றுவதைவிட, நல்ல குழாயை வெட்டியெடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடுவதே மேல்.

கூடைப்பந்துக் கம்பத்தின் அடியிலுள்ள இரும்புத் தகட்டை ஒட்டி விரிசல் தெரிந்தால் முதல் வேலை ஆட்டத்தை நிறுத்துவது. விரிசலுக்குள் ஊடுருவும் சாயம் தெளித்து அதன் உண்மையான நீளத்தைக் காண வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைவிட அது நீண்டிருக்கும். இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போட்டு, விரிசலை முழுவதும் வி வடிவில் அரைத்தெடுத்து, 7018 வகை ராடால் நிரப்ப வேண்டும். அந்த ராடு காற்றில் ஈரம் உறிஞ்சினால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் சேர்ந்து மறுபடி விரியும். பெட்டியைத் திறந்த பிறகு சூட்டுப் பெட்டியில் 120 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அதோடு கம்பத்தைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் நட்டுகளை முடுக்கிப் பாருங்கள். நட்டு தளர்ந்து கம்பம் ஆடியதால்தான் பெரும்பாலும் விரிசலே வருகிறது. விரிசல் சுற்றளவில் கணிசமான பங்கு ஓடியிருந்தாலோ, தரைமட்டத்தில் குழாய் மெலிந்திருந்தாலோ வெல்டு போட்டு ஆட அனுமதிக்கக் கூடாது. பொறியாளர் பார்த்து முடிவு சொல்லும்வரை கம்பத்தை இறக்கி வைக்க வேண்டும்.

வெல்டே போடக்கூடாதவையும் உண்டு. தீத்தடுப்புக் கதவும் அதன் சட்டமும்: தளத்தில் வைத்து மாற்றினால் சான்றிதழ் செல்லாமல் போகலாம். ஊஞ்சல் சங்கிலி, கொக்கி, கடினப்படுத்திய போல்ட்: வெப்பம் அவற்றின் பதத்தைக் கெடுக்கும், புதிதாக மாற்றுவது ஒன்றே வழி. விளையாட்டுச் சாதனத்தில் கம்பி சேர்க்கும்போது இடைவெளி 89 மி.மீ.க்குக் குறைவாகவோ 229 மி.மீ.க்கு அதிகமாகவோ இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும்.

கசடு தட்டி, தெறித்த மணிகளைச் சுரண்டி, அரைத்த இடத்தில் அன்றைக்கே துத்தநாகம் செறிந்த பெயிண்ட் இரண்டு கோட். ராடு மிச்சத் துண்டுகளைக் கையால் பொறுக்கினால் போதாது. காந்தத் துடைப்பத்தை மணலிலும் புல்லிலும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிட்டுத்தான் தடுப்பு நாடாவை அவிழ்க்கிறோம்.