மட்டையை மில்லுக்கு ஏற்றும் முன்

2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் அதன் அடி முழுசாகத் தெரிந்தது அப்புறம்தான். தென்னையில் பாளைக்குக் கரு கட்டியதிலிருந்து காய் வெட்டுக்கு வர மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். மழை திரும்பி ஓலை பச்சையான பிறகும் வெட்டுக்கு வெட்டு காய் குறைந்துகொண்டே வந்தது அதனால்தான். பதறிப்போய் தென்னை டானிக் என்ற சத்துக் கரைசலை வாங்கி வேரில் கட்டியவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது.

நான் நம்பியது உரிமட்டையை, அதாவது தேங்காய் உரித்த நார்மட்டையை. மழைக்கு முன்னால், மரத்திலிருந்து பத்தடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் நீளக் குழி எடுத்து, மட்டையின் குழிப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண் போட்டு மூடினோம். மரத்தைச் சுற்றியுள்ள பாத்தியில் மேலாகப் பரப்பும் மட்டையை மட்டும் கவிழ்த்துப் போட வேண்டும். உள்ளே இருப்பது தண்ணீரைப் பிடிக்க, மேலே இருப்பது வெயிலை மறைக்க.

பங்குனியில் ஒரு ஓரத்தைத் தோண்டிப் பார்த்தேன். மேல்மண் புழுதி. கீழே இருந்த மட்டையைப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. நாருக்குள் வெள்ளை வேர்கள் பின்னிக் கிடந்தன. மட்டையில் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) நிறைய. ஒருமுறை புதைத்தால் ஐந்தாறு வருஷம் தாங்கும்.

நார்க்கழிவு வேறு கதை. மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் தூள் அது; பித்து என்போம். நார் மில்லிலிருந்து வந்த, மக்காத பச்சைப் பித்தை அப்படியே கொட்டினால், அது மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், மரம் இன்னும் வெளுக்கும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு: ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து, அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது. கறுத்து, மண்வாசம் வந்த பிறகே பாத்திக்கு. காய்ந்த பித்து தண்ணீரை வழியவிட்டுவிடும் என்பதால் நனைத்துத்தான் போட வேண்டும்.

"ஏனுங்க மாப்ளே, மில்லுக்காரன் காசு குடுக்கறத நீங்க குழியில போடறீங்களே?" என்றார் பக்கத்துத் தோட்டத்து மாமா.

"அதையே மக்க வச்சு மூட்டையில கட்டிக் குடுத்தா நீங்க காசு குடுத்து வாங்கறீங்களே மாமா?"

சிரித்தார். இந்த வெட்டில் அவர் தோட்டத்து மட்டையில் பாதிதான் லாரி ஏறியது. குழி எடுக்க ஆள்தான் இன்னும் கிடைத்தபாடில்லை.