வாழ்த்து மடலில் இடம் பிடிக்காதவை

எங்கள் இயக்குநர் ஓய்வு பெற இரண்டு வாரம் இருந்தபோது வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இருபது வருஷமாக வவுச்சரும் பேரேடும் எழுதியவனுக்கு அடுக்குமொழி எங்கிருந்து வரும்? ஃப்ரேம் கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு மாதிரியைக் கொடுத்தார். ‘தன்னலமற்ற சேவைச் செம்மலே, ஏழைகளின் ஏந்தலே’ என்று தொடங்கியது. பெயரை மட்டும் மாற்றினால் தாசில்தாருக்கும் போகும், தலைமையாசிரியருக்கும் போகும்.

எங்களுடையது தொழுநோயாளிகளுக்கான தொண்டு நிறுவனம், விழுப்புரம் பக்கம். சார் இயக்குநராக வந்தவர் இல்லை. எண்பதுகளில் சைக்கிளில் ஊர் ஊராகப் போகும் களப்பணியாளராகச் சேர்ந்தவர். அப்போதுதான் கூட்டு மருந்து சிகிச்சை கிராமங்களை எட்டிப் பார்த்தது. அதற்கு முன் டாப்சோன் என்ற ஒரே மாத்திரைதான். வருஷக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுக்க. கிருமி அதற்கும் பழகிவிட்டது. 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்த பிறகு கதை மாறியது. இன்று நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம், அவ்வளவுதான்.

சொல்வது சுலபம். கூட்டு மருந்தில் ஒன்றான ரிஃபாம்பிசின் விழுங்கிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று நினைத்து ஆள் பயந்துவிடுவார். இன்னொன்றான க்ளோஃபாசிமின் தோலைக் கறுக்கச் செய்யும். “தேமலுக்கு மருந்து கேட்டா ஆளையே கரியாக்கிட்டியே” என்று ஓர் அம்மா மாத்திரை அட்டையைத் தூக்கி அவர் மேலேயே எறிந்தாராம். அடுத்த மாதமும் அதே வாசலில் சைக்கிளை நிறுத்தினேன் என்பார் சார். அந்த அம்மா 24 மாதமும் மாத்திரை சாப்பிட்டு முடித்தார். அப்போதெல்லாம் கடுமையான வகைக்கு 24 மாதம்.

நோயாளிகள் வீட்டில் சாப்பிட்டார், கைகுலுக்கினார் என்று பாராட்டு விழாவில் ஆளாளுக்கு உருகினார்கள். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. எங்கள் வேலையில் அது அன்றாடம்; எங்கள் டிரைவரும்தான் சாப்பிட்டிருக்கிறார்.

எனக்கு மறக்காதது ஒரு செருப்புச் சண்டை. இந்த நோயில் நரம்பு கெட்டுப் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது. தெரியாமலே நடந்து புண்ணாகி, விரல் போய், காலே போகும். அதற்காகத்தான் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பு. உள்ளே பஞ்சு போன்ற ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டித் தைக்க வேண்டும். கழன்று விழுந்தாலும் காலுக்குத் தெரியாது என்பதால் குதிகாலைப் பிடிக்கப் பின்பட்டை. மடங்கிய விரல்களால் பக்கிள் போட வராது, அதனால் வெல்க்ரோ. எங்கள் பட்டறையிலேயே செய்தோம். எல்லாம் ஒரே அச்சு, கனத்த கறுப்புப் பட்டை.

ஸ்டாக் எடுத்தபோது கணக்கு உதைத்தது. கொடுத்ததாகப் பதிவான செருப்புகளைக் காலில் போட்டு யாரும் கிளினிக்குக்கு வரவில்லை. வெறுங்காலோடு வந்தார்கள். நான் வீண் செலவு என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். சார் அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். “இந்தச் செருப்பைப் பாத்தாலே பஸ்ல பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க” என்றார்களாம். நாங்களே காலில் நோயின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறோம்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் நாலைந்து மாடல் செருப்பு வாங்கிவந்து பட்டறை அண்ணனிடம் கொடுத்தார். “மேல இது மாதிரி இருக்கணும், உள்ள நம்ம ரப்பர்.” ஜோடிக்கு ஆகும் செலவு கூடியது. தணிக்கையாளர் கேட்பார் என்று குதித்தேன். “கேட்டா என்னைக் கைகாட்டுங்க தம்பி. போடாத செருப்புக்குக் கணக்கு எழுதுறதுக்கு இது தேவலை” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. பெண்களுக்குப் பூப்போட்ட பட்டைகூட வந்தது.

அப்புறம் 2005. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற இலக்கை அந்த டிசம்பரில் எட்டிவிட்டோம் என்று நாடு அறிவித்தது. ‘பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில்’ நீக்கம் என்பது முழு வாக்கியம். கேட்டவர்கள் காதில் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது. வெற்றிக்கு வாழ்த்துச் சொல்லி, நிதியையும் நிறுத்திக் கடிதங்கள் வந்தன. அதற்குப் பிறகும் இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டறியப்பட்டார்கள், உலகக் கணக்கில் பாதிக்கும் மேல். அதையெல்லாம் எழுதினோம், பதில் வரவில்லை.

ஆட்களைக் குறைக்கும் கடிதங்களை நான்தான் டைப் செய்தேன். புதிய நோயாளிகளைத் தேடி வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பை நிறுத்தும் முடிவு சாருடையது. வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சில வருஷம் கழித்து ஒரு பையன் வந்தான், ஏழாம் வகுப்பு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போயிருந்தன. முழங்கையைத் தொட்டுப் பார்த்தால் நரம்பு கயிறு மாதிரி. நாங்கள் போவதை நிறுத்திய ஊர். அந்தக் கோப்பு ஒரு வாரம் சார் மேஜையை விட்டு நகரவில்லை. அடுத்த மாதம் இரண்டு களப்பணியாளர்களைத் திரும்ப எடுத்தார். சம்பளத்துக்கு வண்டி ஒன்றை விற்றோம்.

மடலை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் காட்டினேன். ‘ஆயிரமாயிரம் பேரைக் குணமாக்கியவர்’ என்ற வரியை அடித்தார். “மாத்திரை குணமாக்குச்சு. நாம கொண்டுபோய்க் கொடுத்தோம்.” அந்தப் பையனைப் பற்றி எழுதலாமா என்றார். ஃப்ரேமில் போடுகிற விஷயமா சார் இது என்றேன். சரி என்று விட்டுவிட்டார். ஆனால் ஏற்புரையில் வேறெதையும் பேசவில்லை. அந்த ஊர், அந்தக் கை, நிறுத்திய கணக்கெடுப்பு. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்து உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு நன்றாக இருந்தது.

பத்து நாள் கழித்துக் காலையில் போன் வந்தது.

“தம்பி, அந்த ஏரிக்கரைப் பாட்டிக்கு அளவு எடுத்தோமே, செருப்பு போச்சா?”

“போன வாரமே போயிடுச்சு சார்.”

“பின்பட்டை வச்சாங்களா?”

லைனில் இருக்கச் சொல்லிவிட்டுப் பட்டறைக்கு நடந்தேன்.